பாதி விலைக்கு வந்த ஒயர்

எங்கள் கிணற்று ஒயரைத் திருடிக்கொண்டு போனவன் எவனோ, நல்ல வேலைக்காரன். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மோட்டார் ரூம் பூட்டை உடைக்கவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கவில்லை. சுவருக்கு வெளியே ஒயர் வரும் இடத்தில் ஒரு வெட்டு, கிணற்று மேட்டில் ஒரு வெட்டு, நடுவில் இருந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். காலையில் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடப் போனவள் நான்தான். பட்டனை அழுத்தினேன். சத்தம் இல்லை. ஓங்கி அழுத்தினேன். அப்புறம்தான் வெளியே வந்து பார்த்தேன். ஒயர் கிடந்த இடத்தில் மண்ணில் தடம் மட்டும் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மயில்களெல்லாம் பறந்துவிட்டன என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். பறந்தது உண்மைதான். ஆனால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பங்குனி பிறந்திருந்தது. எங்கள் வாழை குலை தள்ளி நின்றது. பரமத்தி வேலூர்ப் பக்கம் வாய்க்கால் பாயும் வயல்காரர்களுக்கு வெயில் காலத்தில் கவலை கொஞ்சம் குறைவு. எங்கள் காடு வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம். கிணற்றுத் தண்ணீர்தான் கதி. குலை தள்ளிய வாழைக்கு அந்த வெயிலில் தண்ணீர் நின்றால் காய் திரளாது, மரம் இடுப்பொடிந்து மடங்கும். ஒரு வருஷ உழைப்பு அந்தக் குலைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. புது ஒயர் வாங்கலாம் என்றால் வாழை வெட்டினால்தான் கையில் காசு. தண்ணீர் பாய்ந்தால்தான் வாழை வெட்ட முடியும். இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை வரவில்லை.

என் கணவர் பதறவே இல்லை. அவர் எதற்கும் பதறமாட்டார். அதுவே எனக்குப் பாதி எரிச்சல்.

"போனாப் போகுது, உடு புள்ள. கரூர் ரோட்டுப் பழைய சாமான் கடையில ஒயர் கெடக்குது. பாதி வெலைதான். போயி வாங்கிட்டு வாரேன்" என்றார்.

"அந்தக் கடைக்கு ஒயர் எங்கிருந்து வருது?"

"எங்கெங்கயோ ஏலத்துல எடுக்கறாராமா. அதெல்லாம் நமக்கெதுக்கு?"

"ஏலத்துல எடுத்தாரா, நம்ம கெணத்துல எடுத்தாரா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கடையைப் பற்றி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். கேட் வால்வு, ஃபுட் வால்வு, ஸ்டார்ட்டர், சொட்டு நீர்க் குழாய், ஒயர் என்று தோட்டத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. அதை ஒரு மரியாதையாகவே எல்லோரும் வைத்திருந்தார்கள்.

நான் பிறந்தது கெங்கவல்லிப் பக்கம். எங்கள் ஊரில் மனதில் பட்டதை வாசலில் நின்று கேட்டுவிடுவோம். கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. இங்கே கோபத்துக்கும் ஒரு ‘ங்க’ உண்டு. வாசலுக்கு வந்த நாயை ஒருவர் "போங்க, அக்கட்டால போங்க" என்று விரட்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இவ்வளவு மரியாதையான மனிதர்களுக்கு நடுவில் நான் வாய் பெருத்தவளாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. "கெழக்கத்திக்காரிக்கு வாயி ஜாஸ்தி" என்று என் மாமியார் சொல்வார், அதையும் என் முன்னாலேயே, பாசமாக.

அந்த வாயைத்தான் அன்றைக்கும் திறந்தேன். "நம்ம வீட்டுல திருடிட்டுப் போனதை நாமளே காசு கொடுத்து வாங்கணும். அவன் அடுத்த தடவை வர்றதுக்குப் பெட்ரோல் காசும் அதுலயே சேர்ந்திருக்கும். நல்லா இருக்கு. அந்தக் கடை ஒயர் இந்தத் தோட்டத்துக்குள்ள வந்தா நான் கெங்கவல்லி பஸ் ஏறிடுவேன்."

"ஊரே வாங்குதில்ல?"

"ஊரே வாங்குறதாலதான் ஊரே திருட்டுப் போகுது."

இந்த வாய்ச்சண்டையிலேயே இரண்டு நாள் போனது. வாழை இலைகள் மதியத்தில் மடங்கித் தொங்க ஆரம்பித்தன. என் பிடிவாதத்தால் குலைகள் போய்விட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்? கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கேட்பது என்று முடிவு செய்தேன்.

பக்கத்துத் தோட்டம் என் கணவரின் சித்தப்பா மகனுடையது. எனக்குக் கொழுந்தனார் முறை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். எங்கள் ஒயர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருடைய ஒயரும் திருட்டுப் போயிருந்தது. இப்போது அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "பாதி நேரம் உங்குளுக்கு, பாதி நேரம் எனக்குங்க அண்ணி. இதுல என்ன இருக்குது? கரண்டு வந்ததும் வாய்க்கால வெட்டி உட்டுக்கலாமுங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் இவ்வளவு வேகமாக யாரும் தண்ணீர் தருவதில்லையே என்று ஒரு ஓரத்தில் தோன்றியது.

எந்தப் பக்கமாக வாய்க்கால் வெட்டலாம் என்று பார்க்க அவருடைய கிணற்று மேட்டுக்கு நடந்தேன். புதிதாகப் போட்ட ஒயர் தரையில் நீண்டு கிடந்தது. நடுவில் ஒரு ஜாயின்ட்.

எங்கள் பக்கத்தில் ஒயர் எலி கடித்தோ மண்வெட்டி பட்டோ அறுந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி, அதன் மேல் ஏதாவது ஒரு பழைய துணியைச் சுற்றி, அதற்கும் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வெளியே பார்க்க எல்லா ஜாயின்ட்டும் ஒரே கறுப்பு. அந்த ஜாயின்ட்டில் மட்டும் டியூப் ஓரமாகக் கிழிந்து ஒரு துணி நுனி எட்டிப் பார்த்தது. மாம்பழ மஞ்சள், கருநீலக் கரை.

சேலைக்காரிக்குத் தன் சேலை தெரியாமல் போகுமா? புதுவீடு புகுந்தபோது எடுத்தது. வேலி முள்ளில் கிழிந்த பிறகு நான்தான் அதைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கொடுத்தேன். என் கணவர்தான் ஜாயின்ட்டில் சுற்றினார்.

"தம்பி, இந்த ஒயர் எங்க வாங்கினது?"

"கரூர் ரோட்லதாங்க அண்ணி. நேத்து."

"இந்த ஜாயின்ட்ல இருக்கறது என் சேலை."

அவர் ஜாயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாத்தனுங்க. போடறப்பவே பாத்தனுங்க. கொடிக்கால் காயுது, காசும் குடுத்தாச்சு. உங்ககிட்ட வந்து எப்புடீங்க சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒயரை அங்கேயே பிடுங்கியிருப்பேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க ஒயர் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலீங்க. எங்கயாச்சும் ஓடிட்டு இருக்கும். பெரிய தோட்டத்துல ஓடறது மேக்காலத் தோட்டத்து ஒயருங்க. மேக்காலத் தோட்டத்துக்காரருக்கும் அது தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கலையா?"

"எப்புடீங்க கேக்கறது? பங்காளிங்க. கேட்டா அவுரத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்களே."

எனக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. எங்கள் ஊர் ஒயர் எங்கள் ஊருக்குள்ளேயே சுற்றி வந்துகொண்டிருந்தது. இவருடையது அவர் கிணற்றில், அவருடையது இன்னொருவர் கிணற்றில். எல்லோரும் தங்கள் ஒயரை அடுத்தவர் கிணற்றில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மனம் சங்கடப்படக் கூடாது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மரியாதைதான் கடைக்காரருக்கு முதலீடு.

நான் என் ஒயரைக் கழற்றவில்லை. கழற்றினால் வெற்றிலை காயும். கழற்றாவிட்டால் வாழை காயும். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் வருவதே சில மணி நேரம்தான். அதை இரண்டு தோட்டத்துக்குப் பங்கு போட்டால் இரண்டும் அரை வயிற்றோடு நிற்கும், ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பால் சொசைட்டிக்குக் கேனோடு போனேன். காலை நேரத்தில் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். பால் ஊற்றிவிட்டு ஓரமாக நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "என் ஒயர் எங்க கொழுந்தனார் கெணத்துல இருக்கு. அவர் திருடல, பாதி விலைக்கு வாங்கினாரு. உங்க ஒயர் எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியும். யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் அந்தக் கடையில வாங்கின ஒயரைக் கழட்டிக் களத்துக்குக் கொண்டு வாங்க. பிரிச்சுப் பார்ப்போம். யாரோடதோ அவங்க எடுத்துக்கட்டும். இல்லாம போறவங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணி விடட்டும்."

பால் அளக்கிறவரின் கை நின்றுவிட்டது. பெரிய தோட்டத்துக்காரர் தொண்டையைச் செருமினார். ஊரில் நாலு பேர் சேர்ந்து பேசினால் நடுவில் உட்காருகிறவர் அவர். எனக்கு மாமா முறை.

"ஏனுங்க அம்மிணி, காசு குடுத்து வாங்குனதுங்க. நாங்க யாரும் திருடப் போகலீங்க."

"நீங்க திருடலைங்க மாமா. திருடினவனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கீங்க."

அதிகப்படியாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தொடர்ந்தேன். "நம்ம ஒயர் நம்ம ஊரையே சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொரு சுத்துக்கும் அந்தக் கடைக்காரர் வீட்டுல ஒரு மாடி ஏறுது. இப்ப எத்தனாவது மாடி கட்டிட்டிருக்காருன்னு யாராவது பார்த்தீங்களா?"

பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவள் புருஷன் அந்த வாரம்தான் ஒயர் வாங்கியிருந்தான். அவள் சிரித்ததும் அடுத்தவள் சிரித்தாள். "எங்கூட்டு ஒயரும் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. கேக்கக் கூடாதுன்னு வாயக் கட்டிப் போட்டுட்டாங்க" என்றாள் மூன்றாவது ஒருத்தி. அப்புறம் யாராலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரிப்போடு சிரிப்பாக வெள்ளிக்கிழமை முடிவாயிற்று. பெரிய தோட்டத்துக்காரர் மட்டும் சிரிக்காமல் கேனை எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் வெள்ளிக்கிழமை முதல் ஆளாகக் களத்துக்கு ஒயரைக் கொண்டு வந்து போட்டதும் அவர்தான். கொங்குநாட்டு மனிதர்கள் ஒன்றைச் செய்வது என்று வந்துவிட்டால் தயங்குவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

களம் முழுக்க ஒயர். கத்தியால் டியூபை அறுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பிரித்தோம். உள்ளே எங்கள் ஊரின் பழந்துணி மூட்டையே இருந்தது. பொங்கலுக்குக் கொடுத்த வேட்டி, பிள்ளைகளின் யூனிபார்ம், உரச்சாக்கு, தலையணை உறை. "அது எங்குளுது!" "இது என்ற பாவாடைங்க!" என்று சத்தம். யாரும் யாரையும் திருடன் என்று நினைக்கவில்லை. இத்தனை நாள் எதற்குத்தான் பயந்தார்களோ!

என் முறை வந்தது. கொழுந்தனார் கழற்றிக் கொண்டுவந்த ஒயரில் என் சேலையை எல்லோருக்கும் காட்டினேன். அதே ஒயரில் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜாயின்ட் இருந்தது. அதையும் நானே அறுத்தேன். உள்ளே பச்சைக் கோடு போட்ட துணி. எங்கள் வீட்டில் அப்படி ஒரு துணி இருந்ததே இல்லை.

"இது யாருது?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்களைத்தான்."

"அது... போன வருஷம் ஒயர் நீளம் பத்தாம வந்துச்சு. அந்தக் கடையிலதான் ஒரு துண்டு ஒயர் வாங்கிப் போட்டேன்" என்றார்.

களமே கொல்லென்று சிரித்தது. பால் சொசைட்டியில் அத்தனை பேசியவள் வீட்டு ஒயரிலேயே பாதி விலை ஒயர்! எனக்குக் காது வரை சூடேறியது. அவரை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கொழுந்தனார் வேறு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா அண்ணி?" என்று கேட்டார். நான் பஸ் ஏறுவதாகச் சொன்னதை என் கணவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். முறைத்துப் பார்த்தேன், முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன். பச்சைக் கோட்டுத் துணி இருந்த ஒயர்த் துண்டைத் தனியாக வெட்டி வைத்தோம். யாரும் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை.

எல்லாம் பிரித்து முடித்தபோது சில வீடுகளுக்கு ஒயர் இல்லை. கொழுந்தனாருக்கு இல்லை. பெரிய தோட்டத்துக்காரருக்கும் இல்லை. மிச்சம் கடையில்தான் இருக்க வேண்டும். டிராக்டரில் டிரெய்லரை மாட்டினோம். ஆணும் பெண்ணுமாக ஏறிக்கொண்டோம்.

கடைக்காரர் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். "வாங்க, வாங்க, ஊரே வந்துட்டீங்க" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லட்டுமா என்றார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"நானு உங்கூருக்கு வந்து யாருகிட்டயாச்சும் வித்தனுங்களா? நீங்கதான வந்து, ‘வெல கொறச்சலா ஏதாச்சும் இருக்குதுங்களா’ன்னு கேட்டீங்க? எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அது சுருக்கென்று குத்தியது. குத்தக் காரணம், அது உண்மை. டிரெய்லரில் இருந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"கேக்கலைதான். இப்ப கேக்கறோம். எங்கிருந்து வந்துச்சு?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு மற்றவர்களிடம் பேசினார். "எல்லா ஒயரும் கறுப்புத்தானுங்க. உங்குளுதுன்னு என்னுங்க அடையாளம்?"

"உள்ள என்ன துணின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி நாங்க மொதல்ல சொல்றோம். அப்புறம் நீங்களே உங்க கையால அறுத்துப் பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் வண்டியத் திருப்பிட்டுப் போயிடறோம்."

எதிரே பஸ் ஸ்டாப். நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து வந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. பால் சொசைட்டியில் முதலில் சிரித்த பெண்தான் முன்னால் போனாள். நீளத்தையும் ஜாயின்ட் இருந்த இடத்தையும் பார்த்து ஒரு சுருளைத் தொட்டு, "மெரூன் கலர் ஸ்கூல் பாவாடை. ஓரத்துல மடிப்புத் தையல் பிரிச்ச அடையாளம் இருக்கும்" என்றாள். கடைக்காரர் அறுத்தார். மெரூன் கலர், தையல் பிரித்த அடையாளம். கூட்டம் ஓவென்றது. அடுத்த சுருள், அடுத்த ஆள். சரி. அடுத்ததும் சரி. கடைக்காரரின் கத்தி வர வர மெதுவானது.

கடைசியில் இருந்ததிலேயே தடித்த சுருளின் முன்னால் பெரிய தோட்டத்துக்காரர் போய் நின்றார்.

"இது என்றதுங்க."

"உள்ள என்னுங்க?"

பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடைக்காரரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

"கேக்கலீங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லோணும்ன்னு உங்காளுங்கதான சொன்னாங்க?" என்றார் கடைக்காரர். அவருக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்த சந்தோஷம்.

பெரியவர் நிமிர்ந்தார். ஊர் நியாயம் பேசுகிற அந்தக் குரலில், பஸ் ஸ்டாப்புக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "என்ற பட்டாபட்டி டிரவுசருங்க! பச்சைக் கோடு!"

கத்தி இறங்கியது. பச்சைக் கோடு.

நான் விசிலடித்தேன். எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது என் கணவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவரும் சிரித்தார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்து என்னிடம் வந்தார்.

"களத்துலயே சொல்லியிருப்பேன் அம்மிணி. பொம்பளைங்க முன்னால எப்புடிச் சொல்றதுன்னு உட்டுட்டேன். உங்கூட்டு ஒயர்ல இருந்து வெட்டி வெச்ச துண்டு உங்ககிட்டயே இருக்கட்டும். இப்ப நானாக் குடுக்கறேன். குடுத்தா வாங்கிக்கலாமுல்ல?"

"வாங்கிக்கறேங்க மாமா" என்றேன். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன் என்று நினைக்கிறேன்.

கொழுந்தனாரின் ஒயர் மட்டும் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பையைக் கிழித்து அவர் ஜாயின்ட்டில் சுற்றியிருந்தார். சுருள் சுருளாகப் பார்த்தார். "இது இல்லீங்க. இதுவும் இல்லீங்க." கடைக்காரர் அவரைப் பார்க்காமல், "காப்பரா உருக்கப் போயிருக்குமுங்க" என்றார்.

இன்னும் ஒரே ஒரு சுருள் மூலையில் கிடந்தது. எங்கள் ஊரில் யாரும் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை. கடைக்காரர் அதைக் காலால் முன்னே தள்ளினார். "இது யாருதும் இல்லீங்க. காசு வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க. இத்தோட உட்ருங்க."

எல்லோரும் கொழுந்தனாரைப் பார்த்தோம். நல்ல ஒயர். அவர் கிணற்றுக்கு அளவெடுத்த மாதிரி நீளம். அதைப் போட்டால் அன்றைக்கே தண்ணீர். போடாவிட்டால் புது ஒயர் வாங்கும் வரை கொடிக்கால் அடுத்தவர் தயவில் நிற்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்கே துணிவு வரவில்லை. என் ஒயர்தான் எனக்குக் கிடைத்துவிட்டதே, நான் எப்படிச் சொல்வேன்?

அவர் குத்தவைத்து உட்கார்ந்து அதன் ஜாயின்ட்டைத் தானே பிரித்தார். உள்ளே ஒரு சேலைத் துண்டு. வெறுமனே சுற்றவில்லை. ஓரத்தை மடித்து, ஊசி நூலால் பொடித் தையலாகத் தைத்திருந்தது. அவர் அந்தத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டியூபைப் பழையபடி கட்டி, சுருளைத் தூக்கித் தோளில் மாட்டி, டிரெய்லரில் கொண்டுபோய் வைத்தார்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வண்டி கிளம்பியது. வரும்போது போட்ட கூச்சல் திரும்பும்போது இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வந்ததும் கொழுந்தனார் டிராக்டரின் மட்கார்டைத் தட்டினார்.

"வண்டிய நிறுத்துங்க."

சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். "இதுக்காரங்க ஊட்டுல தோட்டம் காஞ்சிட்டு இருக்குமுங்க. தேடிட்டு வந்தாங்கன்னா கெடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குள் போனார். டிரெய்லரில் இருந்த அத்தனை பேரும் இறங்கி அவர் பின்னாலேயே போனோம். கடையைப் பற்றியும் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னோம். மூன்றாம் நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து, உள்ளே என்ன துணி, என்ன தையல் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டோம்.

எங்கள் ஒயரைத் திருடியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அந்தக் கடையில் இப்போது ஒயர் விற்பதில்லை. எங்கள் ஊரில் அதற்கப்புறம் ஒயர் காணாமல் போகவில்லை. பாதி விலைக்கு வாங்க ஆள் இல்லாத ஊருக்கு எவன் மெனக்கெட்டு வருவான்?

கடையிலிருந்து திரும்பிய அந்த வெள்ளிக்கிழமை மதியமே என் கணவர் ஒயரை இணைத்துவிட்டார். கரண்ட் வந்தது. பட்டனை அழுத்தினேன். கிணற்றுக்குள் மோட்டார் உறுமி, குழாய் இரண்டு முறை இருமி, தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாழைப் பக்கத்து மடையை அடைத்து, கொடிக்கால் பக்கம் திறந்துவிட்டேன்.

காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தனார் கத்தினார். "அண்ணி! மடைய மாத்தித் தொறந்துட்டீங்க! மொதல்ல வாழைக்குப் பாயட்டுமுங்க!"

"மாத்தியெல்லாம் தொறக்கல. பேசாம நின்னு தண்ணியக் கட்டுங்க தம்பி" என்று நானும் கத்தினேன்.